ஜோடி வீடு – 14: நடுச்சுவர் வாசல்

பதினொரு நாளாக நாகபூஷணம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்பது போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சித்தூரில், பலமனேர் போகும் ரோட்டில் இருக்கிறது ஜோடி வீட்டுக் காலனி. அங்கே ஒரே நடுச்சுவரின் இரண்டு பக்கமும் குடியிருப்பவர்கள் அண்ணன் நாகபூஷணமும் தம்பி பாலசுந்தரமும். இருவருக்கும் ஒரே ஆபீசில் குமாஸ்தா வேலை. வருகிற ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது. சித்தூர் ஆந்திராவிலேயே தங்குகிறது. சொந்த ஊரும் நிலமும் திருத்தணிப் பக்கம் இருப்பதால் அங்கேயே போகிறேன் என்று தம்பி எழுதிக் கொடுத்தான். இங்கேயே இருக்கிறேன் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார்.

தம்பியின் மாற்றல் காகிதம் சரிபார்ப்பதற்காக அண்ணனின் மேஜைக்கே வந்தது. குடும்பத்தினர் என்ற இடத்தில், 'மனைவி இந்திராணி, மகள் பா. தாட்சாயணி, வயது ஒன்பது' என்று தம்பி எழுதியிருந்தான்.

தாட்சாயணி நாகபூஷணத்தின் மகள்.

அந்தக் காகிதத்தை அவர் என்ன செய்தார் என்பதைப் பெண்டாட்டி கமலம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பாலசுந்தரம் ஒன்றும் பொய் எழுதவில்லை என்பதுதான் இதில் வேதனை. தாட்சாயணி பிறந்த பதினோராம் நாள் கமலம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று மாதம் பாயோடு பாயாகக் கிடந்தாள். இரண்டு சமையலறைக்கும் இடையே இருந்த நடுச்சுவர் வாசல் வழியாகக் குழந்தையை இந்திராணி கையில் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாசல்தான் திறந்தே கிடந்ததே. குழந்தை இந்தப் பக்கம் தின்னும், அந்தப் பக்கம் தூங்கும். பேச்சு வந்தபோது இந்திராணியை அம்மா என்றது. பாலசுந்தரத்தை நைனா என்றது. பெற்றவளைப் பெரிம்மா என்றும் பெற்றவரைப் பெரிநைனா என்றும் கூப்பிட்டது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கமலம்மாவும்தான் சிரித்தாள்.

இந்திராணிக்கு அதன் பிறகும் குழந்தை பிறக்கவில்லை.

இப்போது தம்பி குடும்பம் புறப்படுகிறது. தாட்சாயணி எங்கே என்ற கேள்வியை இந்தக் குடும்பத்தில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பெண்ணைக் கூட்டிப் போகட்டுமா என்று இந்திராணி கேட்காததால், அவள் இங்கேதான் இருப்பாள் என்று கமலம்மா நினைத்துக்கொண்டாள். பெண்ணை விட்டுவிட்டுப் போ என்று கமலம்மா சொல்லாததால், அவள் தன்னோடுதான் வருவாள் என்று இந்திராணி நினைத்துக்கொண்டாள். உப்புக்கும் மிளகாய்க்கும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை பேசிக்கொள்ளும் இரண்டு பெண்கள், இதை மட்டும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. மறுநாள் யுகாதி.

அமாவாசை நமக்கு நிறைந்த நாள். அதனால் அன்று சாயங்காலம் புறப்படுவது என்று பாலசுந்தரம் லாரிக்குச் சொல்லியிருந்தான். அவன் வீட்டை வாங்கியிருக்கும் தெலுங்கு வாத்தியார் ரங்கையாவுக்கு அமாவாசை ஆகாது. அவர் யுகாதியன்று பால் காய்ச்சப் போகிறார். ஆக, ஒருவர் போவதற்கும் ஒருவர் வருவதற்கும் நடுவே ஒரு ராத்திரிதான் இருந்தது. அன்றைய பகலுக்குள்ளேயே நடுச்சுவர் வாசலை அடைத்தாக வேண்டும்.

காலை ஏழு மணிக்கே கொத்தனார் முனியப்பன் கரணையும் தூக்குக்குண்டுமாக வந்துவிட்டார்.

இந்த வாசலை வைத்தவரும் அவர்தான். பத்து வருஷத்துக்கு முன் இந்த இடம் முழுக்க வேர்க்கடலைக் கொல்லை. ரிட்டயரான சர்வேயர் வேதாச்சலம் சங்கம் ஒன்று சேர்த்து, கொல்லையை வாங்கி, நூல் பிடித்து இருபத்துநாலு மனை போட்டார். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் தனித்தனி வீடு கட்டிக் கட்டுப்படியாகாது என்பதால், இரண்டு வீட்டுக்கு ஒரு நடுச்சுவர் என்று விதி செய்தார். பித்தளைச் சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். யாரோடு யார் ஜோடி என்பதை அந்தச் சொம்புதான் சொன்னது. பிறகு ஆணி அடிக்கக்கூட அடுத்த வீட்டைக் கேட்க வேண்டியதாயிற்று. பதினொரு ஜோடிக்கும் பதினொரு விதமான சண்டை.

அண்ணன் தம்பி மட்டும் சீட்டுக்கு முன்பே வேதாச்சலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஜோடியாகக் கேட்டு வாங்கினார்கள். சுவர் எழும்பும்போது முனியப்பன் இரண்டு சமையலறைக்கும் நடுவே ஆள் நுழைய இடம் விட்டு நிலை வைத்தார். நடுச்சுவரில் வாசல் வைக்கக் கூடாது என்பதும் சங்கத்தின் விதிதான். வேதாச்சலம் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலியேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு அவர் இல்லை.

"சுத்தியல் போடறதுக்கு முன்னே ஒரு வார்த்த," என்றார் முனியப்பன். "எந்த வீட்டுச் சாமானும் மத்த வீட்டுல தங்கக் கூடாது. அவங்கவங்களுது அவங்கவங்க பக்கம் வந்துடணும். தங்கிப்போச்சுன்னா, அதுக்கு உண்டானவங்க திரும்பி வந்துக்கினே இருப்பாங்க. சொவரு நிக்காது."

இப்படி ஒரு கணக்கு எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. வெதுருகுப்பம் பக்கத்துக் கொத்தனார் ஒருவரிடம் தொழில் கற்றபோது சேர்ந்து வந்ததாம். வாசலில் நின்று நிலையைச் சுரண்டிக்கொண்டிருந்த தாட்சாயணி இதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ரங்கையா உள்ளே வந்தார். நல்ல மனுஷர். ஆந்திர ராஜ்யம் பிரிந்த வருஷம் மெட்ராசிலிருந்து மாற்றலாகி வந்து, இதே காலனியில் ஏழாம் நம்பரில் வாடகைக்கு இருந்தவர். அந்த வருஷம் நாலு தமிழ்க் குடும்பங்கள் வேலூர்ப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயின. அந்த நாலு வீட்டுக்கு மெட்ராசிலிருந்து நாலு தெலுங்குக் குடும்பங்கள் வந்தன. அவர்கள் அழுதுகொண்டு போனார்கள், இவர்கள் அழுதுகொண்டு வந்தார்கள்.

"ஆ கும்மம் உண்டனீண்டி, நாகபூஷணம் காரு," என்றார் ரங்கையா. "வாசல் அப்படியே இருந்துட்டுப் போகட்டும். எனக்காக அடைக்க வேணாம். சைதாப்பேட்டையில விட்டுட்டு வந்தனே ஒரு வீடு, ஏழு வருஷமாச்சு, இன்னும் கனவுல அதுக்குப் பூட்டு போட்டுக்கிட்டே இருக்கேன். எனக்குத் தெரியும்."

நாகபூஷணம் தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்.

"வேணாம் வாத்தியாரே. தெறந்து வெச்சா நான் பழக்கத்துல உள்ள வந்துடுவேன். வந்து, தம்பி எங்கன்னு உங்கள கேப்பேன். அடைச்சிடட்டும்."

 பெயர்க்கப்போகிற நிலையைத் தான் பத்திரமாக வைத்துக்கொள்வதாக மட்டும் ரங்கையா சொன்னார்.

சுத்தியல் விழுந்தது. கமலம்மாவும் இந்திராணியும் பாத்திரங்களைப் பிரிக்க உட்கார்ந்தார்கள்.

பத்து வருஷத்தில் எது யாருடையது என்பதே மறந்து போயிருந்தது. நல்லவேளை, நம்மவர்கள் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பெயரைப் படித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்தார்கள். இந்திராணியின் கல்யாணச் சீர் அடுக்கு முழுவதும் கமலம்மாவின் பரணில் இருந்தது. கமலம்மாவின் அம்மா கொடுத்த இட்லிக் கொப்பரையில் இந்திராணி வருஷக்கணக்காகத் துணி வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைக் கண்டதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது இந்திராணியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கரண்டி ஒன்றில் பெயரே இல்லை. நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று அது நாலு தடவை கை மாறியது.

பன்னிரண்டு மணிக்கு முனியப்பன் நிலையைப் பெயர்த்தெடுத்துக் கிணற்றடியில் சாய்த்தார். அடியில் முதல் வரிசைச் செங்கல் வைத்தார்.

அப்போதுதான் கமலம்மா உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்தாள். இந்திராணி இதுவரை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. பழைய துணி என்றே நினைத்திருந்தாள்.

உள்ளே ஒன்பது பித்தளைப் பாத்திரங்கள் இருந்தன. கைக்குள் அடங்கும் ஒரு குட்டிச் சொம்பு. அதைவிடச் சற்றுப் பெரிய கிண்ணம். டம்ளர், தட்டு, தூக்கு என்று ஒன்றைவிட ஒன்று பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் இடுப்பில் வைக்கிற அளவுக்கு ஒரு குடம். ஒன்றும் புழங்கியதில்லை.

"தாச்சு பொறந்த நாளைக்கு வருஷத்துக்கு ஒண்ணு வாங்கனேன்," என்றாள் கமலம்மா. "இதுங்கள பிரிக்க வேணாம். இந்தப் பக்கமே இருக்கட்டும். அவ கல்யாணத்துக்கு ஆவும்."

இந்திராணி குடத்தைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி 'தாட்சாயணி' என்று வெட்டியிருந்தது. பெயருக்கு முன்னால் ஒரு எழுத்துக்கு இடம் விட்டு, அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒன்பது பாத்திரத்திலும் அப்படியே.

"இனிசியல் வெட்டலியாக்கா?"

"பேர் வெட்டறவன் ஒவ்வொரு தடவையும் கேட்டான். நா போடறதா, பா போடறதான்னு. எனக்குச் சொல்லத் தெரியல. எடம் மட்டும் விட்டு வையின்னு சொன்னேன்."

இந்திராணி குடத்தைக் கீழே வைத்தாள். இந்தப் பக்கமே இருக்கட்டும் என்று சற்றுமுன் கேட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா," என்றாள். "தாச்சு என்கூட வர்றா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் விட்டுட்டுப் போவன்னு நீ எப்பிடி நெனச்ச?"

"பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேக்காம கூட்டிக்கினு போவன்னு நான் மட்டும் எப்பிடி நெனப்பேன்?"

குரல் ஒன்றும் பெரிதாக எழும்பவில்லை. ஆனால் அந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சு அதுவரை நடந்ததில்லை. முனியப்பன் கரணையைச் சட்டியில் வைத்துவிட்டு, பீடி பற்ற வைக்கிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டார். தாட்சாயணி குட்டிச் சொம்பை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

கமலம்மா புருஷனைக் கூப்பிட்டாள். நாகபூஷணம் வந்து, முதல் வரிசைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றார். பாலசுந்தரமும் சாமான் கட்டிய கயிறு கையோடு வந்து அந்தப் பக்கம் நின்றான்.

அண்ணன்தான் சொன்னார். காகிதத்தில் தம்பி எழுதியதை, அது தன் மேஜைக்கு வந்ததை, பதினொரு நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் சொன்னார்.  கமலம்மா கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"நீங்க அத அடிச்சிட்டீங்களா?"

"இல்ல. சரின்னு கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன்."

"என்கிட்ட கேக்காமலா?"

"சிவப்பு மசி தொட்டு வெச்சேன் கமலா. அடிக்கக் கை வரல. அந்தக் கொழந்த பாலுவ நைனான்னு கூப்பிடறத காதால கேட்டுட்டு, பொய்யின்னு எப்பிடி எழுதறது?"

பாலசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதாண்ணா. பழக்கத்துல எழுதிட்டேன்."

"எழுதறப்போ தப்புன்னு தோணுச்சாடா?"

"இல்லண்ணா."

"எனக்கும் படிக்கறப்போ தோணல. அதான் பதினோரு நாளா தூக்கம் இல்ல."

கமலம்மா எழுந்து தன் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. புருஷன் மேல், கொழுந்தன் மேல், காய்ச்சல் மேல், திறந்து கிடந்த அந்த வாசல் மேல். கதவென்று ஒன்று இருந்து, அதை அவ்வப்போது சாத்தித் திறந்திருந்தால், பெண் எந்தப் பக்கம் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாளே.

இந்திராணி கல்லைத் தாண்டி வந்தாள். அவள் பின்னால் நின்று, தோளைத் தொடாமல் சொன்னாள்.

"விட்டுட்டுப் போறேன்க்கா. உன்னுதுதான். ஒன்பது வருஷம் குடுத்து வெச்சிருந்த, அது போதும். திருத்தணி போனதும் பாவாடைங்கள அனுப்பி வைக்கிறேன். பொட்டியில அடியில போயிடுச்சு, இப்ப எடுக்க முடியாது."

கமலம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சரி என்பதுபோலத் தலை மட்டும் அசைந்தது. இந்திராணி தன் பக்கம் போனாள். போகும்போது தாட்சாயணியைப் பார்க்காமல் போனாள்.

முனியப்பன் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்.

தாட்சாயணிக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவர் எழும்ப எழும்ப அவள் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டேயிருந்தாள். முழங்கால் உயரம் இருந்தபோது தாண்டினாள். தொடை உயரம் வந்தபோது கையை ஊன்றி ஏறிக் குதித்தாள். ஈரக் கலவை பாவாடையில் ஒட்டியது. தெருவழியாகப் போனால் பத்தடி. இரண்டு வீட்டு வாசலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் அவள் அந்த வழியாகவே போனாள். கல் அசைந்தால் கட்டு நிற்காது என்று முனியப்பன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, அவள் ஏறும்போதெல்லாம் வேலையை நிறுத்திக் கலவைச் சட்டியை நகர்த்திக் கொடுத்தார்.

"தாத்தா, அடைச்சதும் நான் எந்தப் பக்கம் இருக்கணும்?"

"அத என்கிட்ட கேட்டா?" என்றார் முனியப்பன். அடுத்த கல்லை எடுத்தார்.

மூன்றரை மணிக்கு லாரி வந்து தெருவில் நின்றது. ராஜ்யம் பிரிந்ததற்காக இந்தக் காலனிக்கு லாரி வருவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை எல்லாரும் வெளியே வந்து கைகொடுத்துச் சாமான் ஏற்றினார்கள், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். இப்போது எட்டாம் நம்பர், பதினாலாம் நம்பர் வாசலிலும் மூட்டைகள் இருந்தன. அவரவர் கயிறு அவரவர் கையில் இருந்தது.

சுவர் கமலம்மாவின் மார்பு உயரத்துக்கு வந்திருந்தது. தாட்சாயணி அவள் பக்கம் நின்று இன்னும் ஒரு தடவை ஏறப் பார்த்தாள். விளிம்பில் கையூன்றி எம்பினாள். கலவை காயாத கல் ஒன்று பெயர்ந்து அவள் பாதத்தில் விழுந்தது.

பெரிய அடி இல்லை. தோல் கிழிந்து ரத்தம் வந்தது. கமலம்மா அங்கேயே, ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

"அம்மா," என்று அலறினாள் தாட்சாயணி. நீட்டிய கையைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி, அந்தப் பக்கம் தெரிந்த இந்திராணியின் முகத்தை நோக்கிக் கையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று காலை உதைத்து அழுதாள்.

இந்திராணி அந்தப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கை நீட்டவில்லை. கொடுத்த வார்த்தை கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கமலம்மா ஒரு நிமிஷம் நின்றாள். அந்த ஒரு நிமிஷம் அவள் என்ன நினைத்தாள் என்று நான் இங்கே நாலு பக்கம் எழுதலாம். எழுத மனசு வரவில்லை. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அதே கையால் மகளை அக்குளில் பிடித்துத் தூக்கினாள். ஒன்பது வயதுப் பெண் கனத்தாள். சுவருக்கு மேலாக நீட்டினாள்.

"வாங்கிக்கோ, இந்திரா."

"அக்கா, வேணாம்..."

"வாங்கிக்கோடி. கை நோவுது. அன்னிக்கும் இந்த எடத்துலதான் குடுத்தேன். அப்போ எனக்கு சொரணை இல்ல. இன்னிக்கு சொரணையோட குடுக்கறேன். வாங்கிக்கோ."

இந்திராணி வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பியது. முனியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கலக்க வேண்டிய அவசியம் இல்லாத கலவையைக் கலக்கினார்.

பிறகு கமலம்மா பெட்டியிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுவருக்கு மேலே நீட்டினாள். கிண்ணம், டம்ளர், தட்டு, தூக்கு என்று எட்டும் போயின. குட்டிச் சொம்பு தாட்சாயணியின் கையிலேயே இருந்தது. மத்தியானத்திலிருந்து அதை அவள் கீழே வைக்கவில்லை. குடத்தைக் கொடுக்கும்போது, பெயருக்கு முன்னால் வெறுமையாக இருந்த இடத்தைக் கமலம்மா கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தாள்.

"திருத்தணியில பேர் வெட்டறவன் இருப்பான். பா போடச் சொல்லு. எடம் சரியா விட்டிருக்கான், ஒரு எழுத்துதான்."

இந்திராணி குடத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். 

அடுத்த அரை மணியில் முனியப்பன் மிச்சக் கல்லை வைத்து முடித்தார். கடைசிக் கல் போகும்வரை அந்தப் பக்கத்து வெளிச்சம் கமலம்மாவின் சமையலறைத் தரையில் ஒரு கீற்றாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. பட்டப்பகலில் அந்த அறை இவ்வளவு இருட்டு என்பது பத்து வருஷத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்தரைக்கு லாரி புறப்பட்டது. அதற்கு முன் தெருவில் நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரங்கையாவின் மனைவி வெள்ளிக் கிண்ணத்தில் குங்குமம் கொண்டு வந்து இந்திராணிக்கு வைத்தாள். காலில் துணிக்கட்டோடு டிரைவர் பக்கத்தில் ஏற்றப்பட்ட தாட்சாயணி, திடீரென்று தாகம் என்று சொல்லி இறங்கினாள். சொம்பும் கையுமாக நொண்டிக்கொண்டே கமலம்மா வீட்டுக்குள் ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஏறுவதற்கு முன் கமலம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பெரிம்மா, நீ எப்போ வருவ?"

"வர்றேன் போ. அம்மாவ படுத்தாத."

அம்மா என்ற சொல்லை இந்திராணிக்காகக் கமலம்மா தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

லாரி பலமனேர் ரோட்டில் ஏறி, டவுன் பக்கமாகத் திரும்பி மறைந்தது. நாகபூஷணம் உள்ளே வரவில்லை. பக்கத்து வீட்டு வாசலில், தம்பியின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் மிஞ்சிய இரண்டு ஆணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். தம்பியின் மாற்றல் காகிதத்துக்கு அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அது எங்கெல்லாம் போய் நிற்கும் என்ற கவலை அவருக்கு இனிமேல்தான்.

விளக்கு வைக்கும் நேரம். கமலம்மா சமையலறைக்குப் போனாள். ஈரச்சுவர் சுண்ணாம்பு வாசனை அடித்தது. இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று அவளுக்கு மறந்து போயிருந்தது. அரிசி டின்னைத் திறந்து கையை விட்டாள்.

அளக்கிற ஆழாக்கு அகப்படவில்லை. குளிர்ச்சியாக வேறொன்று விரலில் தட்டியது. எடுத்தாள்.

குட்டிச் சொம்பு. அரிசிக்குள் ஆழமாக, கழுத்துவரை அல்ல, முழுக்கப் புதைத்து வைத்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பினாள். வெறும் இடம், அதற்குப் பின்னால் 'தாட்சாயணி'.

காலையில் நிலையைச் சுரண்டிக்கொண்டு கொத்தனார் சொன்னதைக் கேட்டு நின்ற பெண்ணின் முகம் அவள் கண்முன் வந்தது. அன்று முழுவதும் வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் போடாமல், சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கொல்லைப்பக்கம் கரணையைக் கழுவி முடித்து, முனியப்பன் புறப்படுகிற சத்தம் கேட்டது. கதவோரம் வந்து நின்று குரல் கொடுத்தார்.

"யம்மா, நாளைக் கழிச்சு வந்து பூசிடறேன். சாமான் எல்லாம் அவங்கவங்க பக்கம் போயிடுச்சு இல்ல? எதுவும் தங்கலியே?"

கமலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொம்பைத் திரும்ப அரிசிக்குள் வைத்து, மேலே இரண்டு கை அரிசியைத் தள்ளி மூடினாள்.

"ஒண்ணும் தங்கல, முனியப்பா," என்றாள்.